காலால் ஓடும் படகு

நிலத்தில் மனிதன் காலை நம்பி வாழ்கிறான். நீரில் கையை நம்பி வாழ்கிறான். நடப்பதும், சுமப்பதும், ஏற்றம் மிதிப்பதும், சைக்கிள் ஓட்டுவதும் காலின் வேலை. ஆனால் அதே மனிதன் ஓர் ஓடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால், அவனுடைய தேகத்தில் மிக்க வலிமை பொருந்திய அங்கங்களாகிய கால்கள் இரண்டும் வேலையற்று மடங்கிக் கிடக்கின்றன. அவற்றைவிட வலிமை குறைந்த கைகளும் தோள்களுமே பாரத்தையும் காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்துப் போராட வேண்டியிருக்கின்றன. இந்த விசித்திரமான ஏற்பாட்டை உலகம் பல ஆயிரம் வருஷங்களாக ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறது.

இதை மாற்றுவதற்காகச் செய்யப்பட்ட படகு ஒன்றை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சென்னைக்குத் தெற்கேயுள்ள முட்டுக்காட்டுக் கழியில் நாம் ஓட்டிப் பார்த்தோம். "இதென்ன, அரசியலும் பொருளாதாரமும் பேச வேண்டிய பக்கத்தில் படகு விளையாட்டா?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டியதுதான். விளையாட்டோடு விஷயம் முடிந்திருந்தால் அதைப்பற்றி இங்கே ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டோம். அன்று கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதிய மீனவர், நாம் படகைத் தண்ணீரில் இறக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். "இதனால எங்களுக்கு என்னங்க ஐயா?" என்பதே அந்தக் கேள்வி. அதற்கு விடை தேடும் முயற்சியே இந்த வியாசம்.

கயாக்கும் கட்டுமரமும்

நாம் ஓட்டிய படகுக்குக் 'கயாக்' என்று பெயர். இது வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்து, கனடா, அலாஸ்கா முதலிய பிரதேசங்களில் வாழும் இன்யூட் மக்களின் சொல். அவர்களுடைய வேட்டை ஓடத்தின் பெயர். மரம் வளராத அப்பனி நாட்டில், கடல் கொண்டுவந்து ஒதுக்கும் கட்டைகளையும் எலும்பையும் கொண்டு சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலை இறுக்கித் தைத்து அதைச் செய்தார்கள். ஓட்டுகிறவன் இடுப்புவரை உள்ளே இறங்கி உட்காருவான். குளிர்நீர் உள்ளே புகாதபடி மேற்புறம் முழுவதும் தோலால் மூடப்பட்டிருக்கும். இரு முனையிலும் அலகுள்ள ஒரே துடுப்பால் அதைச் செலுத்துவார்கள்.

இன்று கடைகளில் கயாக் என்று விற்கும் படகுகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்த்தவை. அவற்றுள்ளும் காலால் மிதிக்கும் வகை, உள்ளே இறங்கி உட்காரும் படகன்று. மேலே ஏறி உட்காரும் படகு. மேல்தளத்தில் விழும் தண்ணீர், தளத்திலிருந்து அடிவரை விடப்பட்டிருக்கும் துவாரங்களின் வழியாகத் தானே வெளியேறிவிடும். இறைத்துக் கொட்ட வேண்டியதில்லை. அலை புரட்டிவிட்டாலும் நிமிர்த்தி மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

இந்த லக்ஷணங்களைக் கேட்டவுடன் சோழமண்டலக் கரையில் பிறந்த எவருக்கும் ஒரு ஞாபகம் வராமற் போகாது. மேலே உட்காருவது, தண்ணீர் இடுக்கு வழியே தானே வடிந்துபோவது, நீர் நிறைந்து மூழ்கும் பயமில்லாதது ஆகிய இவையெல்லாம் நமது கட்டுமரத்தின் லக்ஷணங்கள் அல்லவா? லேசான மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, அலையை நேராகப் பிளந்து கடலேறி, மாலையில் கட்டவிழ்த்து மணலில் உலர வைக்கும் அந்த எளிய சாதனத்துக்கு இணையாக அலை மிகுந்த கரைகளில் வேறு படகு அரிது. ஆகவே புதிய கயாக் பெயரால் வடதுருவத்து உறவாயினும், அமைப்பினால் நமக்கே நெருங்கிய உறவு.

உறவு இத்துடன் முடியவில்லை. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-ம் வருஷம் வெளியிட்ட தம் யாத்திரை நூலில் நமது கரையோரத்துக் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். அவ்வாறு ஆங்கிலத்தில் புகுந்த 'கேட்டமரான்' என்ற சொல், நாளடைவில் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகைக் குறிக்கலாயிற்று. பொருள் திரிந்தது, பெயர் நம்முடையதாகவே நின்றது. கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்து புகழ் பெற்ற ஹோபி ஆல்டர் என்பவர், 1960-களின் இறுதியில், கடற்கரையிலிருந்தே தள்ளி இறக்கக்கூடிய ஒரு சிறு இரட்டைப் படகைச் செய்தார். அதற்கும் அவருடைய கம்பெனிக்கும் 'ஹோபி கேட்' என்று பெயர் வழங்கலாயிற்று. 'கேட்' என்பது ஆங்கிலத்துப் பூனையன்று. கட்டுமரத்தின் முதல் அசை. அதே கம்பெனிதான் 1997-ம் வருஷத்தில், கிரெக் கெட்டர்மன் என்பவர் அமைத்த கால்மிதிப் பொறியைக் கயாக்கில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பல தேசங்களில் பல கம்பெனிகள் இத்தகைய படகுகளைச் செய்கின்றன. நமது மீனவரின் சொல்லைத் தன் பெயரில் சுமந்துகொண்டிருக்கும் ஒரு கம்பெனியிலிருந்து புறப்பட்ட சாதனம், நமது மீனவர் கையில் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொறி வேலை செய்யும் விதம்

சைக்கிளின் மிதியைப் போல் இந்தப் படகின் மிதிகள் வட்டமாகச் சுழல்வதில்லை. ஒரு காலை முன்னே நீட்டினால் மற்றக் கால் பின்னே வருகிறது. உட்கார்ந்தபடியே படியேறுவது போன்ற அசைவு இது. படகின் நடுவிலுள்ள ஒரு பொந்தின் வழியாக இரண்டு சிறகுகள் நீருக்குள் தொங்குகின்றன. நாம் மிதிக்க மிதிக்க, அவை ஒன்றையொன்று கடந்து இடமும் வலமுமாக வீசுகின்றன. சிறகின் முன்விளிம்பு உறுதியானது. பின்பகுதி வளைந்து கொடுப்பது. ஆகையால் வீசும்போது சிறகு சற்றே முறுக்கிக்கொண்டு தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. படகு முன்னோக்கிப் போகிறது. பெங்குவின் பறவை நீருக்குள் நீந்துவதற்குத் தன் சிறகுகளை உபயோகிக்கும் தத்துவத்தோடு இதை ஒப்பிடுவார்கள்.

மற்றொரு வகையும் உண்டு. அதில் மிதிகள் சைக்கிளைப் போலவே சுழலும். பற்சக்கரங்களின் மூலம் நீருக்குள் ஒரு சிறிய விசிறி சுற்றும். பின்புறமாக மிதித்தால் படகு பின்னே போகும். சிறகு வகையில் ஆரம்ப காலத்தில் பின்னே போகும் வசதி இருக்கவில்லை. 2015-ம் வருஷத்தில்தான் சிறகுகளைத் திருப்பிவிட்டுப் பின்னே செலுத்தும் அமைப்பு வந்தது. நாம் ஓட்டியது பின்னே போகாத பழைய சிறகு வகை. சுமார் பன்னிரண்டு அடி நீளமும், பொறியோடு சேர்த்து நாற்பது கிலோ எடையும் உள்ளது.

கழியில் கண்ட அநுபவம்

முதலில் குறைகளையே சொல்லிவிடுகிறோம். வாங்கி வந்த நண்பர் அதன் பெருமைகளை முன்பே போதுமான அளவு சொல்லியிருந்தார்.

நாற்பது கிலோ படகை ஒருவர் தனியாகத் தூக்கிச் செல்ல முடியாது. இரண்டு சிறிய சக்கரங்கள் பூட்டிய வண்டியில் வைத்து நாம் இருவரும் உருட்டிச் சென்றோம். மணலில் அதுவும் எளிதாயில்லை. கரையோரத்தில் தண்ணீர் முழங்காலளவுகூட இல்லை. சிறகுகளோ ஒன்றரை அடிக்குமேல் கீழே தொங்குபவை. ஆகவே முதல் ஐம்பது கஜ தூரம் பழைய முறைப்படி துடுப்பால்தான் போக வேண்டியதாயிற்று. காலால் ஓடும் படகுக்கும் கைத்துடுப்பு ஒன்று அவசியம் என்பதே நாம் கற்ற முதற்பாடம்.

ஆழம் வந்ததும் மிதிக்கத் தொடங்கினோம். படகு சத்தமில்லாமல் புறப்பட்டது. இடது கைப்பக்கம் ஒரு சிறு பிடி இருக்கிறது. அதைத் திருப்பினால் பின்னாலுள்ள சுக்கான் திரும்பும். ஆனால் படகு ஓடினால்தான் சுக்கான் பேசும்; நின்றுவிட்டால் பிடியை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. இதை அறியாமல், எதிரே நண்டு வலையின் மிதவைகளைக் கண்டதும் நாம் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சுக்கானைத் திருப்பினோம். படகு திரும்பாமல் நேரே சென்று மிதவைக் கயிற்றின்மேல் ஏறி நின்றது. மிதித்துக்கொண்டே திருப்பியிருந்தால் விலகியிருக்கும். நல்லவேளையாகக் கயிறு அறவில்லை. வலைக்குச் சொந்தக்காரர் கரையிலிருந்து குரல் கொடுத்தார்; மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். நாம் வேடிக்கைக்குப் போன இடம் அவருக்கு வயல் என்பதை அக்குரல் நமக்கு நன்றாக உணர்த்தியது.

பிறகு கால் மைல் போவதற்குள் மிதிகள் திடீரென்று இறுகிக்கொண்டன. பொறியைப் பொந்திலிருந்து மேலே தூக்கிப் பார்த்தால், ஒரு சிறகில் பாசியும் பிளாஸ்டிக் பையும் கயிறு போல் முறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தன. எடுத்தெறிந்துவிட்டு மறுபடி பொருத்த ஐந்து நிமிஷமாயிற்று. துடுப்புக்கு இந்த நோய் கிடையாது. ஆழம் குறைந்த திட்டுகளில் ஒரு மிதியை முழுதும் முன்னே தள்ளி வைத்தால், சிறகுகள் இரண்டும் படகின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே மிதந்து கடந்துவிடலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு தரை தட்டுவது நின்றது.

இனி நிறைகளைச் சொல்லுவோம். பக்கிங்காம் கால்வாய் கழியோடு சேரும் திசையை நோக்கிச் சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரம் இருபத்தைந்து நிமிஷத்தில் சென்றோம். மூச்சு வாங்கவில்லை. அந்தப் பிரயாணம் முழுவதும் இரண்டு கைகளும் நமக்கே சொந்தமாயிருந்தன. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தோம், தண்ணீர் குடித்தோம், மடியில் காகிதம் வைத்துக் குறிப்பு எழுதினோம். படகு ஒரு கணமும் நிற்கவில்லை. சாதாரண ஓடத்தில் துடுப்பை வைத்துவிட்டால் அந்த நிமிஷமே காற்று அதைத் தன் விருப்பப்படி தள்ளிக்கொண்டு போய்விடும். இந்த வித்தியாசம் கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். நீரின்மேல் வேலை செய்து பிழைப்பவனுக்கு இதைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை.

திரும்பும்போது கடற்காற்று எழுந்து எதிரே வீசியது. சிறிய அலைகள் படகின் முகப்பில் மோதின. நம்முடன் மற்றொரு கயாக்கில் துடுப்புப் போட்டு வந்த நண்பர் நம்மைவிட இளையவர்; நல்ல தேகக்கட்டு உள்ளவர். இருந்தும் தோள் ஓய்ந்து இரண்டு முறை கரையோரம் ஒதுங்கி நின்றார். நாம் நாற்பது நிமிஷத்தில் வந்து சேர்ந்தோம். அவர் பத்து நிமிஷம் பிந்தி வந்தார். மறுநாள் படியிறங்கும்போது நமது தொடைகள் அந்த வெற்றிக்குரிய வரியை வசூலித்துவிட்டன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

கால் செய்யக்கூடியதும் செய்ய முடியாததும்

இந்த வெற்றிக்குக் காரணம் மந்திரமன்று. உடல்நலமுள்ள ஒரு சாதாரண மனிதன் பல மணி நேரம் இடைவிடாமல் தரக்கூடிய சக்தி சுமார் 75 வாட். ஒரு குதிரைச் சக்தி என்பது 746 வாட். அதாவது மனிதன் ஒரு குதிரைச் சக்தியில் பத்தில் ஒரு பங்கே உள்ளவன். இந்தச் சிறு மூலதனத்தை, அளவில் பெரியனவும் சீக்கிரம் களைக்காதனவுமான தொடைத் தசைகளிலிருந்து எடுத்தால் நீண்ட நேரம் எடுக்கலாம். தோளிலிருந்து எடுத்தால் சீக்கிரம் வற்றிப்போகும். அன்றியும், துடுப்பு ஒவ்வொரு வீச்சுக்கும் நீரைவிட்டு வெளியே வந்து மறுபடி உள்ளே போகிறது. நீருக்குள்ளேயே இருக்கும் சிறகு விடாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது.

நமது முன்னோர்களுக்கு இது தெரியாததன்று. கிணற்றின்மேல் ஏற்றமரத்தில் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்தவர்கள், கையின் வேலையைக் காலுக்கும் உடம்பின் எடைக்கும் மாற்றியவர்களே. சீனாவில் தென் சாங் அரசர்களின் கடற்படையில், ஆட்கள் உள்ளேயிருந்து மிதித்துச் சக்கரங்களைச் சுழற்றும் போர்ப்படகுகள் இருந்தன. 1161-ம் வருஷம் யாங்சி நதியில் நடந்த சைஷிப் போரில் அவை ஈடுபட்டன. நம் காலத்தில் ஜேஸன் லூயிஸ் என்ற ஆங்கிலேயர் தம் உடம்பின் சக்தியினாலேயே உலகைச் சுற்றினார். 1994-ம் வருஷம் கிரீனிச்சில் புறப்பட்டு 2007-ம் வருஷம் அங்கேயே திரும்பி வந்தார். அட்லாண்டிக் சமுத்திரத்தை ஸ்டீவ் ஸ்மித் என்ற நண்பரோடு சேர்ந்து, மிதித்துச் செலுத்தும் மரப்படகில் 111 நாட்களில் கடந்தார். பின்னர் பம்பாயிலிருந்து அரபிக்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஜிபூட்டிக்குச் சென்றதும் அதே படகில்தான். அந்தப் படகின் பெயர் 'மோக்ஷம்'.

ஆயினும் கால்பலத்துக்கும் எல்லை உண்டு. நீரில் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். மேலும், ஒவ்வொரு படகும் தன் நீளத்துக்கு ஏற்ற ஒரு வேகத்தை அடைந்ததும், தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முயல்வது போல் திணறத் தொடங்கும். பன்னிரண்டு அடிப் படகுக்கு இந்த எல்லை மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 1991-ம் வருஷம் மார்க் டிரேலா என்னும் அமெரிக்கப் பேராசிரியர் பாஸ்டன் நகரில் சார்லஸ் நதியில் மணிக்கு 18.5 கடல்மைல் வேகத்தில் மிதித்துச் சென்றார் என்பது உண்மை. ஆனால் அது படகின் உடலை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிடும் நீர்ச்சிறகுகளும், காற்றில் சுழலும் விசிறியும் கொண்ட தனிவகைக் கருவி. அந்த வேகமும் நூறு மீட்டர் தூரத்துக்கே. சாதாரண மனிதன் சாதாரணக் கயாக்கில் மணிக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டர் போனால் அதுவே கணக்கு.

ஆகவே மீனவர் தம் மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டுக் காலை மிதிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பத்துக் குதிரைச் சக்தி மோட்டார் நூறு ஆள் பலம் உள்ளது. பதினைந்து மைல் கடலுக்குள் சென்று வலை போட்டு இழுத்து வருகிறவர்களுக்கு மிதிபடகு சிபார்சு செய்வது, அவர்களுடைய உழைப்பை அறியாத நகரவாசியின் உபதேசமாகவே முடியும். கேள்வி அவர்களைப் பற்றியதன்று. மோட்டார் வைத்தால் எண்ணெய்ச் செலவுக்குக்கூட மீன் கிடைக்காத கழிகளிலும், உப்பேரிகளிலும், கால்வாய்களிலும் தூண்டிலும் நண்டு வலையும் போட்டுப் பிழைக்கிறவர்களைப் பற்றியது; வயதாகித் தோள் தளர்ந்து கடலை விட்டவர்களைப் பற்றியது.

பெரியவரின் தீர்ப்பு

கரையில் கேள்வி கேட்ட பெரியவர் அத்தகையவர். பன்னிரண்டு வயதில் தகப்பனாரோடு கட்டுமரம் ஏறியவர். 2004-ம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் வந்து கட்டுமரம் அருகியபோது, அவரும் பிறர் படகில் கூலிக்குப் போனார். இப்போது வலது தோள் மேலே எழுவதில்லை. கழியில் தூண்டில் போட்டுக் கிடைப்பதைக் கொண்டு காலம் தள்ளுகிறார்.

"பெரியவரே, நீங்களே ஒரு முறை ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றோம். சிறிது தயங்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மிதவைச் சட்டை வேண்டாமென்றார், வற்புறுத்தி அணிவித்தோம். சுக்கானைப் பற்றி நாம் சொல்ல ஆரம்பித்ததை முடிப்பதற்குள் அவர் புறப்பட்டுவிட்டார். நமக்கு அரைமணி நேரத்தில் விளங்கியது அவருக்குப் பத்து மிதியில் விளங்கிவிட்டது. நடுக்கழியில் காற்றுக்கு எதிராகப் படகை நிறுத்தினார். அதாவது, காற்று தள்ளும் அளவுக்குச் சரியாக மிதித்து ஒரே இடத்தில் நின்றார். பிறகு மடியிலிருந்து நரம்பு சுற்றிய கட்டையை எடுத்துத் தூண்டிலை இறக்கி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாம் கரையில் முக்கால்மணி நேரம் காத்திருந்தோம். இரண்டு கெளுத்தி மீனோடு வந்தார்.

அவருடைய தீர்ப்பு மூன்று வாக்கியங்களில் அடங்கியது. "துடுப்பைப் புடிச்சா தூண்டிலைப் புடிக்க முடியாது, தூண்டிலைப் புடிச்சா துடுப்பைப் புடிக்க முடியாது; இதுல ரெண்டும் ஆவுது" என்றார். "ஆனா அலைவாய்ல இது ஆவாதுங்க, அடியில தொங்கற இறக்கை தரையில அடிச்சு ஒடிஞ்சுபோவும்" என்றார். பிறகு விலையைக் கேட்டார். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் என்றும், உயர்ந்த வகைகளுக்குப் பல லட்சம் ஆகுமென்றும் சொன்னோம். படகை ஒரு முறை தடவிப் பார்த்தார். "இந்தக் கழியில இருக்கற நண்டு மொத்தத்தையும் வித்தாலும் அந்தக் காசு வராதுங்களே ஐயா" என்று சொல்லிவிட்டு மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செய்ய வேண்டியது என்ன?

அவர் சொன்னவற்றில் முதலாவது, சாதனத்தின் குணம். இரண்டாவது, அதன் எல்லை. இவ்விரண்டும் இயற்கை. மூன்றாவதாகச் சொன்ன விலை இயற்கையன்று, மனிதர் செய்வது. ஆகவே மனிதர் மாற்றக்கூடியது.

அந்த விலையில் எவ்வளவு பங்கு கப்பல் கூலிக்கும், சுங்க வரிக்கும், வியாபாரிகளின் லாபத்துக்கும், பணக்காரர் பொழுதுபோக்குக்கென்று சேர்த்த அலங்காரங்களுக்கும் போகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கைபேசி வைக்கும் தாங்கியும், குளிர்ப்பெட்டி வைக்கும் இடமும், மெத்தை தைத்த நாற்காலியும் கெளுத்தி பிடிப்பதற்கு அவசியமில்லை. அவசியமானவை ஓர் உடல், ஒரு பொறி, ஒரு சுக்கான் ஆகிய மூன்றுமே. உடலைச் செய்வதற்குச் சுனாமிக்குப் பின் நமது கரையோரம் நெடுகத் தோன்றிய கண்ணாடியிழைப் படகுப் பட்டறைகள் போதும். பொறியில் இருப்பவை துருப்பிடியாத எஃகுக் கம்பிகள், சங்கிலி, உருளைகள், இரண்டு வளையும் சிறகுகள். விசிறி வகையானால் சைக்கிளின் மிதியும் பற்சக்கரமும் ஓர் அச்சும் மட்டுமே. சைக்கிள் உறுப்புகளுக்கு லூதியானாவும், பம்புகளுக்குக் கோயமுத்தூரும் பேர்போன ஒரு தேசத்தில் இவற்றைச் செய்ய ஆளில்லை என்று எவரும் சொல்லத் துணிய மாட்டார்கள். முதலில் வந்த சிறகுப் பொறியின் காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. இன்று அந்த மூல அமைப்பை யாரும் செய்யலாம். வெளிநாட்டுக் கம்பெனிகள் பல செய்துகொண்டுமிருக்கின்றன.

யந்திரங்களைப் பற்றிக் காந்தியடிகளின் கருத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு பேசுவோர் இன்றும் உண்டு. 1924-ம் வருஷம் அவரிடம் ஒரு மாணவர் இதைப்பற்றிக் கேட்டபோது, எல்லா யந்திரங்களையும் தாம் எதிர்க்கவில்லை என்பதை விளக்கி, தையல் யந்திரத்தைப் பயனுள்ள கண்டுபிடிப்புக்கு உதாரணமாக எடுத்துக் காட்டினார். ஆளை விலக்கிவிட்டு அவன் இடத்தில் உட்காரும் யந்திரம் வேறு. ஆளின் உடம்பிலுள்ள சக்தியையே நன்றாகப் பயன்படுத்தி அவன் சிரமத்தைக் குறைக்கும் யந்திரம் வேறு. மிதிபடகு இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது. அது எண்ணெய் குடிப்பதில்லை, கழியை அசுத்தப்படுத்துவதில்லை, எவனுடைய பிழைப்பையும் பறிப்பதில்லை. தோள் போன ஒருவனுக்கு மறுபடி தொழிலைக் கொடுக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு நல்ல எண்ணத்தோடு வழங்கப்பட்ட படகுகள் பல இடங்களில் தேவைக்கு அதிகமாகவும், சில இடங்களில் தரம் குறைந்தும் வந்து சேர்ந்தன. வாங்குகிறவனைக் கேளாமல் கொடுப்பவன் தன் இஷ்டப்படி செய்ததன் பலன் அது. மிதிபடகிலும் அந்தத் தவறு நேரக்கூடாது. முதலில் நான்கு ஐந்து படகுகளைச் செய்து, முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற இடங்களில் கழித்தொழில் செய்பவர்களிடமே ஒரு வருஷம் விட்டுவைக்க வேண்டும். பாசியும் பிளாஸ்டிக் பையும் சுற்றாதிருக்கச் சிறகை எப்படி மாற்றலாம், முழங்காலளவு நீரில் ஓட என்ன செய்யலாம், நண்டு வலைக்கு எங்கே இடம் விடலாம் என்பதை அவர்கள் சொல்ல, பட்டறைக்காரர் திருத்த வேண்டும். கொச்சியில் 1957-ம் வருஷம் முதல் நடந்துவரும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையமும், சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் பகுதியும் கணக்கையும் சோதனையையும் பார்த்துக்கொள்ளலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் தவணை முறையை ஏற்றுக்கொள்ளலாம். இதற்குப் பெரிய ஆலை வேண்டாம். பெரிய திட்டமும் வேண்டாம்.

முட்டுக்காட்டுக் கழியில் வந்து சேரும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, தாது வருஷப் பஞ்ச காலத்தில், 1877-78-ம் வருஷங்களில், பட்டினி கிடந்த ஏழைகளின் கூலி உழைப்பால் வெட்டப்பட்டது. கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிறு பிடித்து இழுத்தும், மனித பலத்தாலேயே அதில் சரக்குப் படகுகள் சென்றன. நீரின்மேல் உழைத்த அந்த ஜனங்களின் சந்ததிகளுக்கு, அவர்கள் உடம்பு படும் பாட்டைச் சிறிது குறைக்கும் ஒரு சாதனம் உலகத்தில் செய்யப்பட்டு இருபத்தைந்து வருஷங்களுக்குமேல் ஆகியும், அது இங்கே இன்னும் ஞாயிற்றுக்கிழமைப் பொருளாகவே இருப்பது நமக்குப் பெருமையன்று.

"இதனால எங்களுக்கு என்னங்க ஐயா?" என்று பெரியவர் கேட்டார். "விலை குறைந்தால் உங்கள் தோளுக்கு ஓய்வு, விலை குறையாவிட்டால் உங்களுக்கு ஒன்றுமில்லை" என்பதே இன்று நாம் நேர்மையாகச் சொல்லக்கூடிய விடை. பட்டறை நடத்தும் நேயர்களும், கூட்டுறவுச் சங்கங்களில் பொறுப்பு வகிக்கும் நேயர்களும், சட்டசபையில் மீனவருக்காகப் பேசும் நண்பர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிக்கரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். படகை ஓட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், பெரியவரையும் ஒரு முறை ஓட்டச் சொல்லி, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பட்டறைக்குத் திரும்ப வேண்டும்.